வெளிநாட்டு விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்புக்கு 950 டாலர் கட்டலாமா?

கேள்வி இதுதான்: "அக்கா, நான் நாகர்கோவில்ல பிஎஸ்சி என்விரான்மென்டல் சயின்ஸ் மூணாவது வருஷம். கோஸ்டாரிக்கால கடல் ஆமை பாதுகாப்புல 8 வாரம் விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப், ஃபீஸ் 950 டாலர்னு ஒரு விளம்பரம் பார்த்தேன். அப்பா நகையை அடகு வெச்சாவது கட்டிடலாம்ங்கறாங்க. கட்டலாமா? வீட்ல இருந்துகிட்டே வெளிநாட்டு சுற்றுச்சூழல் வேலைன்னா உண்மையிலேயே என்னதான் செய்வாங்க?"

முதல்ல அந்த நகையை பீரோவுக்குள்ளயே வெக்கச் சொல்லுங்க மா. 950 டாலர்னா 80,000 ரூபாய்க்கு மேலயே வந்துடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஒரு வருஷத்துக்கு நெட், மிச்சத்துல சென்னைக்கு ரயில் ஏறிப் போய் நிஜ ஆமையையே பாத்துட்டு வந்துடலாம். கிண்டல் பண்ணலை, ஆமைக்கு அப்புறம் வரேன்.

இதுல நான் ரெண்டு பக்கமும் இருந்து பாத்தவ. எம்எஸ்சி முடிச்சுட்டு வேலை கிடைக்காம மதுரைல சும்மா உக்காந்திருந்தப்ப யுஎன், அதாவது ஐநாவோட ஆன்லைன் வாலன்டியரா ஆரம்பிச்சேன், அப்படியே சுத்திச் சுத்தி கென்யால விக்டோரியா ஏரிக்கரையில இருக்கற கிசுமுங்கற ஊர்ல ஒரு சின்ன அமைப்புக்கு மேப் போட்டுக் குடுக்கற வேலை வந்துச்சு, இப்ப அவங்களுக்கு ஆன்லைன்ல வர்ற ஸ்டூடண்ட்ஸை மேய்க்கறதும் என் தலையிலதான். அதனால இன்டர்ன் எதுக்கு அழுவாங்க, அமைப்புக்காரங்க எதுக்குத் தலைல அடிச்சுக்குவாங்க, ரெண்டும் தெரியும்.

ஃபீஸ் வாங்கறது பெரும்பாலும் ஆமையைக் காப்பாத்தற அமைப்பு கிடையாது. நடுவுல ஒரு கம்பெனி இருக்கும். கல்யாணத் தரகர் மாதிரி வெச்சுக்கோங்களேன், ஆனா இங்க பல சமயம் மாப்பிள்ளை வீட்டுக்கே பொண்ணு வர்றது தெரியாது, திடீர்னு ஒரு நாள் மெயில் போகும் "உங்களுக்கு இந்த வாரத்துல இருந்து 6 இன்டர்ன்ஸ்"னு, அவங்களும் ஏதாவது குடுக்கணுமேன்னு இன்ஸ்டாகிராம் போஸ்ட் போடச் சொல்லுவாங்க. ஒழுங்கா நடத்தறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லமாட்டேன், வாராவாரம் கூப்பிட்டுப் பேசி, ரிப்போர்ட்டைத் திருத்திக் குடுத்து, அதுக்குத்தான் காசு வாங்கறோம்னு வெளிப்படையா சொல்றவங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க நான் கேக்கச் சொல்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "நான் செஞ்சு குடுக்கறதை அங்க யார் உபயோகிக்கப் போறாங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட 15 நிமிஷம் பேசலாமா?" இதுக்கு நேரா ஒரு ஆளோட பேர் வரலைன்னா விட்டுடுங்க. ஃபீஸ் இல்லாத இடமா இருந்தாலும் இதே கேள்விதான்.

சரி, ஆமை. கோஸ்டாரிக்கால ஓஸ்டியோனல்னு ஒரு கடற்கரை. நம்ம ஊர்ல பங்குனி ஆமைன்னு சொல்றோமே அதே இனம்தான், அங்க ஆயிரக்கணக்குல ஒரே சமயத்துல கரையேறும், ஸ்பானிஷ்ல அரிபாடான்னு பேரு. முதல்ல வந்த ஆமை இட்ட முட்டையை அடுத்து வர்ற ஆமையே குழி தோண்டறப்ப உடைச்சுடுதுங்கறதால, ஆரம்ப நாள் முட்டையை ஊர் சங்கம் எடுத்து விக்கலாம்னு 1987ல இருந்து சட்டப்படி அனுமதி இருக்கு. அதுக்குப் பதிலா கரையைக் காவல் காக்கறது, குப்பை பொறுக்கறது எல்லாம் அவங்க பொறுப்பு. கேக்க எவ்ளோ சுவாரசியமா இருக்கு பாத்தீங்களா, ஆனா இதுல நீங்க நாகர்கோவில்ல உக்காந்து எதைச் செய்வீங்க? ராத்திரி மணல்ல நடக்கறவங்க எழுதிவெச்ச தாளைப் பாத்து கூடு எண், தேதி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு வெளிய வந்துச்சுன்னு எக்ஸெல்ல ஏத்தலாம். நல்ல வேலைதான், குறைச்சு சொல்லமாட்டேன், பல அமைப்புகள்ல வருஷக்கணக்கா தாள் அடுக்கிக் கிடக்கும், ஏத்த ஆள் கிடையாது. ஆனா அந்தத் தாள் ஸ்பானிஷ்ல இருக்கும், அதுவும் நனைஞ்ச கை எழுத்து. விளம்பரத்துல ஸ்பானிஷ் பத்தி ஒரு வார்த்தை இருந்துச்சா? இல்லைன்னா உங்களுக்கு டேட்டா வேலை வராது, போஸ்டர் வேலைதான் வரும்னு வெச்சுக்கோங்க.

ஆமைதான் வேணும்னா சென்னைல 1988ல இருந்து ஸ்டூடண்ட்ஸே ஆரம்பிச்சு நடத்தற ஒரு குழு இருக்கு, ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க், சுருக்கமா எஸ்எஸ்டிசிஎன். சீசன்ல நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி பூரா நடந்து கூடு தேடி முட்டையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாத்துவாங்க. ஒரு ராத்திரி அவங்களோட நடந்தீங்கன்னாலே அந்த எக்ஸெல் கட்டம் ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு புரியும்.

இப்ப ரெண்டாவது கேள்வி, என்னதான் செய்வாங்கன்னு. ஒரே ஒரு கதை சொல்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

விக்டோரியா ஏரில கென்யா பக்கம் வினாம் வளைகுடான்னு ஒண்ணு, அதோட ஓரத்துலதான் கிசுமு. அங்க பெரிய தலைவலி நம்ம ஆகாயத்தாமரை. தென் அமெரிக்கச் செடி, நம்ம ஏரிகளுக்கு வந்த மாதிரியே அங்கயும் போய்ச் சேர்ந்துச்சு, 1980களோட கடைசியில ஏரில பரவ ஆரம்பிச்சு 1998ல வளைகுடா பக்கம் மட்டும் 17,000 ஹெக்டேருக்கு மேல மூடிடுச்சு. படகு நகராது, வலை போட முடியாது. அதைத் தின்னற கூன்வண்டு விட்டாங்க, எல் நினோ வந்து மழையும் அலையும் அடிச்சுச்சு, குறைஞ்சுது, அப்புறம் திரும்ப வந்துச்சு, இப்ப வரைக்கும் வரும் போகும். ஒரு கரைல இருந்து காலைல கிளம்பின மீனவர் சாயங்காலம் அதே கரைக்குத் திரும்ப முடியாம நடுவுல பச்சை மெத்தை மாதிரி அடைச்சுக்கும்.

நம்ம கோயம்புத்தூர் பொண்ணு ஒருத்தி, 3 மாசம் இன்டர்ன், வேலை என்னன்னா ஒவ்வொரு மாசமும் இந்த ஆகாயத்தாமரை எங்க எவ்ளோ இருக்குன்னு மேப். சென்டினல் 2 சாட்டிலைட் படம் இலவசம், ஒரு புள்ளி தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், ரெண்டு சாட்டிலைட்டும் சேர்ந்து 5 நாளைக்கு ஒரு தடவை அதே இடத்தை எடுக்கும், மேகம் இல்லைன்னா. பச்சை இலை கண்ணுக்குத் தெரியாத நியர் இன்ஃப்ராரெட் ஒளியை நிறைய திருப்பி அனுப்பும், தண்ணி அதை முழுங்கிடும், அந்த வித்தியாசத்தை வெச்சுக் கணக்குப் போடறதுக்குப் பேர்தான் என்டிவிஐ. ஏரி கறுப்பா, தாமரை பளிச்சுன்னு வந்துடும். ரொம்ப ஈஸி மாதிரி இருக்கும்.

அவளும் போட்டா. கரை ஓரம் டுங்கா பக்கம் நீளமா ஒரு பட்டை பச்சையா வந்துச்சு, "அக்கா தாமரை ரெண்டு மடங்கு ஆயிடுச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதி, கலர் எல்லாம் குடுத்து, 14 பக்கம். கிசுமுல இருக்கற நம்ம ஆளுக்கு அனுப்பினோம். மறுநாள் அவர்கிட்ட இருந்து ரெண்டு போட்டோவும் ஒரு வாய்ஸ் மெசேஜும், பின்னாடி படகு மோட்டார் சத்தம். போட்டோல ஆள் உயரத்துக்கு மேல தண்டு தண்டா நிக்குது, தலைல விசிறி மாதிரி குஞ்சம். பாப்பிரஸ். நம்ம பத்தமடைப் பாய்க்கோரைக்குப் பங்காளி செடி, அங்கயும் அதை அறுத்துப் பாய் பின்னுவாங்க, மீன் குஞ்சு ஒதுங்கற இடமும் அதுதான். அவர் சிரிச்சுகிட்டே சொன்னார், இந்த ரிப்போர்ட்டை யாராவது மெஷின் வெச்சிருக்கறவங்க கையில குடுத்திருந்தா காப்பாத்த வேண்டியதை வெட்டிப் போட்டிருப்பாங்கன்னு.

அந்தப் பொண்ணு ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. பாப்பிரஸ் பெரும்பாலும் வேர் விட்டு ஒரே இடத்துல நிக்கும், ஆகாயத்தாமரை மிதக்கும், ராத்திரி காத்து மாறி அடிச்சா காலைல வேற பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். அப்போ ஒரு படத்தைப் பாக்காம 12 படத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா, எல்லாத்துலயும் பச்சையா இருக்கற புள்ளி பாப்பிரஸ், சிலதுல பச்சை சிலதுல தண்ணின்னு மாறற புள்ளி தாமரை. பாசி படர்றது வேற குழப்பும், அது இவ்ளோ பளிச்சுன்னு வராதுங்கறதால ஒரு அளவு வெச்சுக் கழிச்சா. நூத்துக்கு நூறு சரின்னு சொல்லமுடியாது, ஆனா உபயோகிக்கற அளவுக்கு வந்துடுச்சு. 14 பக்கம் போயி ஒரே ஒரு படமா ஆச்சு, அதுவும் 200 கேபிக்குள்ள, ஏன்னா அங்க ஒவ்வொரு கரைக்கும் பீச் மேனேஜ்மென்ட் யூனிட்னு ஒரு மீனவர் குழு இருக்கும், அந்தத் தலைவர் வாட்ஸ்அப்ல சின்ன போன்லதான் பாப்பார். கரைப் பேரெல்லாம் அவங்க சொல்ற பேர்ல போட்டுக் குடுத்தோம், சாட்டிலைட் மேப்ல இருக்கற பேர் அவங்களுக்கே தெரியாது.

விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்னா இதுதான் மா. ஸ்க்ரீன்ல தெரியறது பாதி, மிச்சப் பாதி அங்க இருக்கற ஒரு ஆள் எடுத்து அனுப்பற போட்டோல இருக்கு, அந்த ஆள் இல்லாத இன்டர்ன்ஷிப்ல நீங்க 14 பக்கம் தப்பா எழுதினாலும் "குட் ஜாப்"னு சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு அப்புறம் வேலைக்கு இன்டர்வியூ போனப்ப தப்பான மேப்பையும் திருத்தின மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டியிருக்கா, அரை மணி நேரம் அதைப் பத்தியே கேட்டாங்களாம்.

காசு கட்டாம எங்க போறதுன்னா, யுஎன் வாலன்டியர்ஸோட ஆன்லைன் வாலன்டியரிங் இருக்கு, 18 வயசு முடிஞ்சிருக்கணும், ஒரு வேலை அதிகபட்சம் 12 வாரம், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல போகாது, ஃபீஸும் கிடையாது சம்பளமும் கிடையாது. மொழிபெயர்ப்பு, டிசைன், டேட்டா, ஆராய்ச்சின்னு வரும். முதல் அப்ளிகேஷனுக்கே கிடைக்கும்னு நினைக்காதீங்க, எனக்கு 9வதுதான் கிடைச்சுது.

யுஎன்ஈபி, அதாவது ஐநாவோட சுற்றுச்சூழல் அமைப்பு, அது மாதிரி இடங்கள்ல குடுக்கற யுஎன் இன்டர்ன்ஷிப் வேற. அது ஸ்டூடண்ட்ஸுக்குன்னே இருக்கறது, டிகிரி கடைசி வருஷத்துல இருக்கறவங்க, பிஜி படிக்கறவங்க, முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க போடலாம், அதனால நீங்க இப்பவே தகுதி. யுஎன்ஈபி தலைமையகம் நைரோபில. அறிவிப்புல ரிமோட்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாருங்க, எல்லாம் ரிமோட் கிடையாது. யுஎன்டிபி (ஐநா வளர்ச்சித் திட்டம்), ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) மாதிரி சிலது ஸ்டைபண்ட் குடுக்கும், யுஎன் செக்ரடேரியட் பக்கம் குடுக்கறதில்ல, யுஎன்ஈபியும் அந்தப் பக்கம்தான். 2015ல ஜெனீவால ஒரு யுஎன் இன்டர்ன் டென்ட்ல தங்கியிருந்தார்னு பெரிய செய்தியாச்சு, சம்பளம் இல்லாம அந்த ஊர் வாடகை எவன் குடுப்பான். வீட்ல இருந்து செஞ்சா அந்த வாடகை மிச்சம், உழைப்பு சும்மா போறது மட்டும் அப்படியேதான் இருக்கு. அதனால வீட்ல கஷ்டம்னா முழு நேரம் ஒத்துக்காதீங்க, வாரம் 10 மணி நேரம்னு முதல்லயே பேசுங்க.

யூடியூப்ல வர்ற லிஸ்ட் எல்லாத்துலயும் விர்ச்சுவல் ஸ்டூடண்ட் ஃபெடரல் சர்வீஸ்னு ஒண்ணு சேத்துடறாங்க. அது 2009ல ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சரா இருந்தப்ப நியூயார்க் யுனிவர்சிட்டி பட்டமளிப்பு விழால அறிவிச்சது, செப்டம்பர்ல இருந்து மே வரைக்கும் வாரம் 10 மணி நேரம், அமெரிக்க அரசுத் துறைகளுக்கு வேலைன்னு நடத்தினாங்க. அமெரிக்கக் குடிமக்களா இருக்கற ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தான். நியூஜெர்சில பிறந்த அத்தைப் பசங்க இருந்தா கூட, இப்ப நடக்குதான்னு பாத்துட்டுத்தான் சொல்லணும், நமக்குக் கிடையாது. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எஸ்ஓபி, அதான் ஏன் சேரணும்னு எழுதற கட்டுரை, எல்லாம் எழுதி முடிச்சுட்டு கடைசில என்கிட்ட வந்து நிப்பாங்க.

இன்டர்வியூவே வேண்டாம்னா மிஸ்ஸிங் மேப்ஸ். 2010 ஹைதி பூகம்பத்துக்கு அப்புறம் உருவான ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீமும் செஞ்சிலுவைச் சங்கக்காரங்களும் எம்எஸ்எஃப்ங்கற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2014ல ஆரம்பிச்சது. ஒரு ஊரைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சிருப்பாங்க, ஒரு கட்டத்தை எடுத்து சாட்டிலைட் படத்துல வீட்டுக்கூரை எல்லாம் கோடு போட்டு வரையணும், இன்னொருத்தர் சரி பாப்பார், தப்புன்னா திருப்பி அனுப்புவார். வெள்ளம் வந்தா எந்த வீட்டுக்கு எந்த ரோட்ல போறதுன்னு பாக்க இந்த மேப்தான். முதல் நாள் வைக்கோல் போரை எல்லாம் வீடுன்னு வரைஞ்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன் நான். பேர் இன்டர்ன்ஷிப் இல்ல, ஆனா 40 மணி நேரம் செஞ்சேன், இதோ என் பக்கம்னு லிங்க் குடுத்தா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது போதும்.

கத்துக்க வேண்டியதுக்கும் காசு வேண்டாம். மேப் போடற சாஃப்ட்வேர் கியூஜிஐஎஸ் இலவசம், சாட்டிலைட் படத்தை ஆன்லைன்லயே அலசற கூகுள் எர்த் இன்ஜின் படிப்புக்கு இலவசம், சாட்டிலைட் டேட்டாவை உபயோகிக்கக் கத்துக்குடுக்கற நாசாவோட ஆர்செட் ட்ரெய்னிங் இலவசம், க்ளைமேட் பத்தி யுஎன் சிசி லேர்ன்ங்கற சைட்ல இலவசமா கோர்ஸும் சர்டிபிகேட்டும் இருக்கு.

ஒதுங்கவேண்டியதுல ஒண்ணு மட்டும் சொல்றேன், நம்ம ஊர்லதான் இது ஜாஸ்தி. ஆஃபர் லெட்டர் உடனே வந்துடும், இன்டர்வியூ இருக்காது, வாட்ஸ்அப் குரூப்ல 900 இன்டர்ன்ஸ் இருப்பாங்க, டாஸ்க் 1 என்னன்னா ஆஃபர் லெட்டரை லிங்க்ட்இன்ல போடு, டாஸ்க் 2 எஸ்டிஜி, அதான் ஐநாவோட நிலையான வளர்ச்சி இலக்குகள், அந்த 17ஐயும் பத்தி ஒரு பக்கம் எழுது, டாஸ்க் 3 நாலு ஃப்ரெண்ட்ஸைச் சேத்துவிடு, கடைசில சர்டிபிகேட்டுக்கு 499 ரூபாய். பேர்ல மட்டும் குளோபல், எர்த், ஃபவுண்டேஷன் எல்லாம் இருக்கும். யுஎன் பேரைச் சொல்லி யாராவது அப்ளிகேஷன் ஃபீஸ், ப்ராசஸிங் ஃபீஸ்னு கேட்டா அது ஃப்ராடுதான், யுஎன் ஆள் எடுக்கறதுல எந்தக் கட்டத்துலயும் காசு வாங்காது.

நேரக்கணக்கைப் பாத்துக்கோங்க. நைரோபி காலைல 9 மணின்னா நமக்கு 11.30, சுகமா இருக்கும். கோஸ்டாரிக்கா 9 மணி நமக்கு ராத்திரி 8.30, அவங்க மத்தியானம் மீட்டிங் வெச்சா நமக்கு நடு ராத்திரி, மறுநாள் காலைல லேப் இருக்கு. காலேஜ்ல கிரெடிட் வேணும்னா சேர்றதுக்கு முன்னாடியே எச்ஓடிகிட்ட கேட்டுடுங்க, எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து போடணும், ரிமோட்னா ஒத்துக்குவாங்களான்னு. முடிச்சதுக்கு அப்புறம் போய்க் கேட்டா "ஃபார்மட் வேற"ம்பாங்க.

நேரா மெயில் போட்டே சின்ன அமைப்புல சேரலாம், நிறைய பேர் அப்படித்தான் சேர்றாங்க. ஆனா "ஐயாம் பேஷனேட் அபவுட் நேச்சர்"னு ஆரம்பிக்கற மெயில் எங்களுக்கு வாரத்துக்கு இருபது வருது, ஒண்ணையும் முழுசாப் படிக்கறதில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க. "உங்க ஏரி மேப்ல மார்ச் மாசம் விட்டுப்போயிருக்கு, மேகம்தான் காரணம்னு நினைக்கறேன், எங்க ஊர் குளத்துக்கு நான் இப்படிச் செஞ்சு பாத்தேன், படம் இணைச்சிருக்கேன்"னு வந்தா அன்னிக்கே பதில் போடுவேன்.

அந்தக் குளமும் உங்க பக்கத்துலயே இருக்கு. சுசீந்திரம் தேரூர் சதுப்புநிலம் 2022ல ராம்சார்ங்கற சர்வதேச சதுப்புநிலப் பட்டியல்ல சேந்துது, உங்க வீட்ல இருந்து பஸ்ல போயிடலாம். ஒரு வருஷத்துப் படத்தை எடுத்து எங்க தண்ணி, எங்க செடின்னு பிரிங்க, உங்க மாவட்டத்துக் குளங்கள்ல பூ பறிக்கற நிஜத் தாமரையும் இருக்கும், ஆகாயத்தாமரையும் இருக்கும், ரெண்டும் மேல இருந்து பச்சைதான், குழம்புவீங்க, குழம்பினா அப்பாவோட பைக்ல போய் கரையைச் சுத்தி 20 இடத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு வாங்க. கிசுமு ஏரிக்கு உங்களால செய்ய முடியாதது இங்க முடியும். போறதுக்கு முன்னாடி போன் கேமரால லொகேஷன் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, நான் அதை மறந்துட்டு மதுரை வண்டியூர் கண்மாயைச் சுத்தி 40 போட்டோ எடுத்துட்டு வந்து, வீட்ல உக்காந்து எது எந்தக் கரைன்னு தெரியாம முழிச்சேன்.